கொழுந்தன் பெயரில் ஒரு நீர்மூழ்கி

1998 ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயப்போட வழியில்லை. வீட்டுக்காரர் க்ளாரிக்கு இடது முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. கேட்டால் வீங்கவே இல்லை என்கிறார்.

எலுமிச்சை ஜாம் பதத்துக்கு வரும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கான்பெராவிலிருந்து, கடற்படை அலுவலகம். மரியாதையான குரல். புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கு ஆர்ச்சியின் பெயரை வைக்கப்போகிறார்களாம். ‘ஹாலெட்’. பெரிய அதிகாரி யாருடைய பெயரும் இல்லை, போரில் இறந்த ஒரு சாதாரண மாலுமியின் பெயர் என்று அந்த மனிதர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நான் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் ஜாம் அடிப்பிடித்துவிட்டது.

கொட்டகைக்குப் போனேன். க்ளாரி டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே. அந்தக் கால்களிடம்தான் விஷயத்தைச் சொன்னேன்.

“உங்க தம்பி பேர்ல கப்பல் விடுறாங்களாம்.”

“என்ன கப்பல்?”

“நீர்மூழ்கி.”

“அவன் பேர்லயா? கக்கூஸுக்குப் போனாக்கூடக் கதவைச் சாத்த மாட்டான் அவன். மூச்சு முட்டுதும்பான். வேற எதுவும் கிடைக்கலையாமா அவங்களுக்கு?” என்றார். அதே மூச்சில், “அந்தப் பெரிய ஸ்பானரை எடு” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஆர்ச்சியைப் பற்றி நடந்த பேச்சு, மொத்தமே இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, வியாழன்

இரண்டு நாளாக அவன் நினைப்பு. எழுதிவைத்தால் கொஞ்சம் இறங்குமோ என்னவோ.

ஆர்ச்சி ஹாலெட். க்ளாரிக்கு மூன்று வயது இளையவன். சிவந்த காதுகள். ஒரு இடத்தில் உட்காரமாட்டான். நாற்பத்தொன்று கோடையில் ஊர் மண்டபத்து நடனங்களுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். மண்டபத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால் முகம் வெளுத்துவிடும். “வா ஐவி, காத்து வாங்கலாம்” என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவான். நாங்கள் நடனமாடியதைவிட வாசலில் நின்றதுதான் அதிகம். உருளைக்கிழங்கு சேமிக்கும் நிலவறைக்குள் இறங்கச் சொன்னால் க்ளாரிக்குக் கைக்காசு கொடுத்து அவரை இறக்கிவிடுவான். அதனால்தான் கடற்படையில் சேர்ந்தான். தரைப்படை என்றால் பதுங்குகுழி, கடல் என்றால் நாலாபக்கமும் காற்று. அது அவன் கணக்கு.

நாற்பத்திரண்டு நவம்பரில், டார்வினுக்கு வடக்கே, அவன் கப்பல் மேல் விமானங்கள் குண்டு போட்டன. கப்பலை விட்டுக் குதிக்க உத்தரவாகிவிட்டது. ஆர்ச்சி குதித்து, மிதவையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டான். கீழ்த்தளத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், இறங்கும் வழியின் இரும்பு மூடி திறக்கவில்லை என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். திரும்ப ஏறிப் போனான். மூடியைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே இறங்கி ஒவ்வொருவராக மேலே தள்ளிவிட்டான். நாலு பேர் வெளியே வந்தார்கள். ஐந்தாவது ஆளுக்காக இறங்கினவன் வரவில்லை.

போர் முடிந்த பிறகு அந்த நாலு பேரில் இரண்டு பேர் இங்கே வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். மாமியார் அழுதார். மாமனார் எழுந்து வெளியே போனார். க்ளாரி அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்து, வாசல்வரை வந்து கை குலுக்கி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, “கதை. அவன் உள்ள போயிருக்க மாட்டான்” என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரை எடுப்பதில்லை. முதலில் மாமியாருக்காக எடுக்கவில்லை. அவர் போன பிறகு, பழக்கமாகிவிட்டது.

நியூ கினிப் போர்முனையிலிருந்து திரும்பி வந்த க்ளாரி நான் வேலை செய்த ரொட்டிக்கடைக்குத் தினமும் வந்து ஒரு பன் வாங்குவார். பன் என்றால் அவருக்கு ஆகாது. அது எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

ஆகஸ்ட் 19, புதன்

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன வாரம் வந்து பேசிவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். நான் சுட்ட பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி நாலு சாப்பிட்டாள். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்றாள். கடற்கரையில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். ஆர்ச்சி, நான், எங்களுக்கு அந்தப் பக்கம் க்ளாரி.

இன்று வெளியாகியிருக்கிறது. அரைப் பக்கம். ‘மாவீரனின் காதலி நினைவுகூர்கிறார்.’ ஆர்ச்சியின் கை என் தோளில். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். க்ளாரியை வெட்டிவிட்டார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும்.

க்ளாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக முழுவதும் படித்தார். மடித்து வைத்தார்.

“அது என் முழங்கை” என்றார்.

ஆகஸ்ட் 20

மதியச் சாப்பாட்டைக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 2, புதன்

அழைப்பு வந்துவிட்டது. மார்ச் மாதம் அடிலெய்டில் கப்பலைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். நான்தான் பாட்டிலை உடைத்துப் பெயர் சூட்ட வேண்டுமாம், குடும்பத்தில் அவன் தலைமுறையில் மிச்சமிருக்கும் பெண் என்பதால். க்ளாரி மேடையில் முதல் வரிசை.

“நான் வரல. மார்ச்சுல கிழங்கு தோண்டணும்.”

“ரெண்டு நாள் தோண்டாட்டி கிழங்கு எங்க ஓடிப்போகுது?”

“நீ போயிட்டு வா. உன்னைத்தானே கூப்பிடுறாங்க. காதலியை.”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை நான். கையில் கரண்டியோடு அவர் பின்னாலேயே போனேன். செத்துப்போனவன்கிட்டப் போட்டி போடுற ஆளை உலகத்துலயே இப்பத்தான் பாக்குறேன்னு கத்திட்டேன். நாய் கூடப் பயந்து மேசைக்கடியில் போய்விட்டது.

அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “போட்டியே இல்லையே ஐவி. அவனுக்கு வயசாகல. அவனுக்கு முழங்கால் வீங்கல, பல்லு கொட்டல, குறட்டை கிடையாது. ஒரு வார்த்தை உன்னைத் திட்டினது கிடையாது. நான் எங்கேர்ந்து ஜெயிக்கிறது?” என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லு ஐவி. இங்கே யார் படிக்கப்போறாங்க. ஆர்ச்சி பிழைச்சு வந்திருந்தா யாரைக் கட்டியிருப்பே?

தெரியல. நிஜமாவே தெரியல. பதினேழு வயசுப் பொண்ணு அவள், அவளைப் போய்க் கேட்டால்தான் உண்டு. இன்று அவன் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. காது வருகிறது, சிரிப்பு வருகிறது, குரல் வரவில்லை. க்ளாரி தெற்கு வயலில் நின்று இருமினால் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிடுவேன், இது புகையால் வந்த இருமல், இது சளி, இது யாரோ வந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிவிப்பதற்காக.

இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம். எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது?

1999 மார்ச் 13, சனி. அடிலெய்டு

மகள் ஜூடித்தும் நானும்தான் வந்தோம். க்ளாரி விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, “தண்ணி குடி நிறைய” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கப்பலைப் பார்த்தேன். கறுப்பு. எவ்வளவு பெரிசு! ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கரையேறின திமிங்கிலம் மாதிரி கிடந்தது. பக்கவாட்டில் ‘ஹாலெட்’ என்ற பெயர். அது என் பெயரும்தானே, இத்தனை வருஷமாகக் கடிதத்திலும் மருந்துச் சீட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிற பெயர், அதைத் திமிங்கிலத்தின் மேல் பார்க்க விநோதமாக இருந்தது.

பாட்டில் ஒரே அடியில் உடைந்தது. ஜூடித் வாங்கிக் கொடுத்த நீல உடுப்பில் பாதி ஷாம்பெயின். பிறகு நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வானொலிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியை என் மூக்குக்குள் விடாத குறை. “இந்த நேரத்தில் உங்கள் மனத்தில் உங்கள் காதலர்தானே இருப்பார்?”

என்ன வந்ததோ தெரியவில்லை எனக்கு. “தம்பி, ஆர்ச்சி என்னை ஒரு கோடைகாலம் நடனத்துக்குக் கூட்டிட்டுப் போனான். நல்ல பையன். அவன் அண்ணன் சாக்ஸை நான் ஐம்பத்திரண்டு வருஷமாத் துவைக்கிறேன். அவ்வளவு வருஷம் ஒருத்தன் சாக்ஸைத் துவைச்சிருக்கேன்னா அதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க. ஆர்ச்சி என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் பேரு க்ளாரி. படத்துல நீங்கல்லாம் வெட்டி எறிஞ்சீங்களே, அந்த முழங்கை அவரோடது” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஜூடித் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மார்ச் 15, திங்கள்

டெவன்போர்ட் விமான நிலையத்தில் க்ளாரி காத்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தார், அதுவும் திங்கள்கிழமை.

பெட்டியை வண்டியில் ஏற்றினார். ஊர் எல்லை தாண்டினோம். பிறகு, “என் சாக்ஸைப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டியாமே. தபாலாபீஸ்ல ஆளாளுக்குக் கேக்குறானுங்க” என்றார்.

“ஆமா.”

“நாத்தத்தைப் பத்தியும் சொன்னியா?”

“அதை அடுத்த கப்பலுக்கு வெச்சிருக்கேன்.”

சாலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு காய்ச்சி வைத்திருந்தார். உப்பில் கடலே தோற்றது. முழுக்கச் சாப்பிட்டேன்.

ஆனால் தூங்கப் போகும் முன் சொன்னார், “அந்தக் கப்பல் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதே.” ஏன் என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி விளக்கை அணைத்துவிட்டார். அப்படியானால் பிரச்சினை முழங்கை மட்டும் இல்லையா?

2000 ஏப்ரல் 25, செவ்வாய். போர்வீரர் நாள்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நினைவுத்தூண் அருகில் விடியற்காலை அஞ்சலிக்குக் கப்பலிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கேப்டன் ஃபீல்டிங், ஒல்லியான மனிதர். இன்னொருத்தி டானா, கப்பலின் சமையல்காரி, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், உயரம் என் தோள்வரை. ஆர்ச்சியின் பெயருக்குக் கீழே மலர்வளையம் வைத்தார்கள். க்ளாரி வழக்கம்போலத் தன் படைப்பிரிவு ஆட்களோடு தள்ளி நின்றார்.

நான் வேண்டுமென்றேதான் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். க்ளாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

ஆட்டுத்தொடை சுட்டு, புதினாச் சாறு, பட்டாணி, எங்கள் வயலில் விளைந்த ‘பிங்க்-ஐ’ ரக உருளைக்கிழங்கு. டானா ஒரு கிழங்கை வாயில் போட்டாள். மெல்வதை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“யாரு இதை விளைவிச்சது?”

க்ளாரி தட்டைப் பார்த்தபடியே, “நான்தான். ஏன், வேகலையா?” என்றார்.

“ஐயோ, தாத்தா! எங்களுக்கு வர்ற கிழங்கைப் பாத்தா நீங்க அழுதுருவீங்க. பெர்த் துறைமுகத்துல மூட்டையாப் போடுறாங்க. தோலை உரிச்சா உள்ள பச்சை, வெட்டினா நடுவுல கறுப்பு. வெந்தா சோப்பு. ஐம்பது பேருக்கு அதைத்தான் போடுறேன். நேத்துகூட ஒருத்தன் சொல்றான், டானா, எதிரி குண்டு போட வேண்டாம், உன் மசியலே போதும்னு.”

“நம்ம தீவுக் கிழங்கு இல்லையா? மெயின்லேண்ட் கிழங்கா?” க்ளாரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஹாலெட்னு பேர் எழுதின கப்பல்ல மெயின்லேண்ட் கிழங்கா?”

கேப்டன் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

“ஆர்ச்சிக்கே அது பிடிக்கல. ரெண்டு நாளா உறுமிக்கிட்டே இருந்தான்,” என்றாள் டானா.

க்ளாரி தலையைத் தூக்கினார்.

“யாரு?”

“ஆர்ச்சி. கப்பலைத்தான். நாங்க யாரும் ஹாலெட்னு சொல்றதில்ல. ஆர்ச்சி சோம்பேறியா இருக்கான், ஆர்ச்சி இன்னைக்கு முரண்டு பிடிக்கிறான், ஆர்ச்சியைத் தூங்க விடுங்கடா. எஞ்சின் ஓட ஆரம்பிச்சா குறட்டைன்னு சொல்லுவோம். வேலை முடிச்சுப் படுக்கப் போறவங்க சுவத்தைத் தட்டிட்டு ‘நல்லாத் தூங்கு ஆர்ச்சி’ம்பாங்க.” அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காது சிவந்துவிட்டது. “தப்பா நினைச்சுக்காதீங்க. மரியாதைக் குறைவா இல்ல.”

“தினமும் சொல்லுவீங்களா?”

“நாளுக்கு நூறு தடவை.”

க்ளாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வேலிக்கு அப்பால் கடல்.

“அவன் குறட்டை விடமாட்டான்,” என்றார் கடைசியில். “பல்லைக் கடிப்பான் தூக்கத்துல. நறநறன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில். காலால எட்டி உதைச்சாத்தான் நிறுத்துவான்.”

“அதையும் செய்யுறான்!” என்று டானா மேசையைத் தட்டினாள். “சுக்கானைத் திருப்பும்போது நறநறன்னு ஒரு சத்தம். எந்த மெக்கானிக்காலயும் கண்டுபிடிக்க முடியல. இல்லையா சார்?”

“முடியவில்லை,” என்றார் கேப்டன் பரிதாபமாக.

“எட்டி உதைங்க,” என்றார் க்ளாரி.

அப்புறம் என்ன, சாயங்காலம் வரை அவர்தான் பேசினார். ஆர்ச்சி பாதிரியாரின் சைக்கிளைச் சவுக்கு மரத்தில் தொங்கவிட்டது. பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகக் குதித்துப் போனது. எனக்கே தெரியாத கதைகள். இவ்வளவு காலமும் இந்த மனுஷன் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்?

கிளம்பும்போது டானாவைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மூட்டைக் கிழங்கைக் காட்டினார். “இதை எடுத்துட்டுப் போ. தோலை உரிச்சே, அப்புறம் என் முகத்துல முழிக்காதே. தோலோட வேகவைக்கணும்.”

“சரி, தாத்தா.”

“தாத்தாங்காதே. க்ளாரி.”

ஜூன் 3

டானா தொலைபேசியில்: “ஆர்ச்சிக்கு வயிறு நெறஞ்சுது, க்ளாரி. மசியலுக்கு வரிசையில நின்னாங்க.” க்ளாரி அடுத்த வருஷத்துக்கு வடக்குப் பாத்தி முழுக்க ‘பிங்க்-ஐ’ கிழங்குதான் என்கிறார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 9, சனி

கப்பல் ஹோபார்ட்டுக்கு வந்திருக்கிறது. மாலுமிகளின் குடும்பங்களை ஒரு நாள் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். எனக்கு டாக்டர் ஏணி ஏறி இறங்கக் கூடாது என்றுவிட்டார். க்ளாரி போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். நேற்று காலை தானாகவே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

எண்பது வயசு. அந்த முழங்காலோடு. செங்குத்தான ஏணி, கிணற்றுக்குள் இறங்குவதுபோல. துறையில் நின்று பார்த்தேன். மேலிருந்து ஒருவர் தோளைப் பிடிக்க, கீழிருந்து டானா அவர் பாதங்களை ஒவ்வொரு படியிலும் பிடித்து வைக்க, தொப்பி கடைசியாக மறைந்தது. மூடியை மூடினார்கள். அந்தச் சத்தம் இங்கே வரை கேட்டது. அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் இதுக்குள்ளயே விட்டுட்டேனோன்னு ஒரு பைத்தியக்கார நினைப்பு.

துறைமுகத்துக் கடையில் டீ குடித்தேன், மீன் வறுவல் சாப்பிட்டேன், செய்தித்தாளில் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பிற்பகலில் வந்துசேர்ந்தது. க்ளாரி வெளியே வந்து மூச்சை இழுத்து விட்டார். முகம் வெளுத்திருந்தது.

“எப்படி இருந்தது?”

“டீசல் நாத்தம். ஜன்னலே கிடையாது. கடலுக்குள்ள போயும் கடலைப் பாக்கல.”

அவ்வளவுதான் சொன்னார். ஊருக்குத் திரும்பும் வழியில், ஓட்லண்ட்ஸ் தாண்டியதும், சாலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டார். இருபக்கமும் காய்ந்த புல்வெளி, ஆடுகள். நல்ல வெயில். முழங்கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“உள்ள ஒரு பயிற்சி காமிச்சாங்க, ஐவி. தண்ணி புகுந்துட்டா என்ன பண்றதுன்னு. மணி அடிச்சுது. விளக்கு அணைஞ்சுது. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. எனக்கு! நியூ கினியில இருந்துட்டு வந்தவனுக்கு. பக்கத்துல இருந்த அந்தப் பொண்ணு ஓடுனா பாரு. வெளிய போற பக்கம் இல்ல, உள்பக்கமா. அந்தச் சின்ன வட்டக் கதவு வழியா. அப்புறமா கேட்டேன், உனக்குப் பயமா இல்லையான்னு.”

“என்ன சொன்னா?”

“ஒவ்வொரு தடவையும் வயித்தைக் கலக்கும் க்ளாரின்னா. ஆனா அந்தப் பக்கம் ஆள் இருக்கே, அப்ப என்ன செய்யுறதுன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு ரொட்டி வேகுதான்னு பாக்கப் போயிட்டா.”

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் இத்தனை வருஷமும் அவங்க பொய் சொல்றாங்கன்னே நினைச்சேன். அவன் உள்ள போற ஆள் இல்ல. எனக்குத்தானே தெரியும், நிலவறைக்குள்ள அவனுக்குப் பதிலா எறங்குனவன் நான்தானே. பயம் இல்லாத எவனையோ பாத்துட்டு அவன் பேரைச் சொல்றாங்கன்னு நினைச்சேன். இல்லடி. அவன் பயந்துக்கிட்டேதான் போயிருக்கான். ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே. எறங்குறதுக்கு நான் பக்கத்துல இல்ல.”

அப்புறம் அழுதார். என் அம்மாவுக்கு அழாத மனுஷன், அவர் அம்மாவுக்கே அழாத மனுஷன், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் அவர் தலையை இழுத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். என்னிடம் கைக்குட்டை இல்லை. ஸ்கார்ஃபைக் கொடுத்தேன். அதில் மூக்கைச் சிந்தினார். ஜூடித் பிறந்தநாளுக்குக் கொடுத்த பட்டு ஸ்கார்ஃப். போகட்டும்.

ஒரு லாரிக்காரன் நிறுத்தி, “என்னம்மா, வண்டி ரிப்பேரா?” என்று கேட்டான்.

“இல்லப்பா, ஓடுது,” என்றேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

காலை ஆகாரத்தின்போது சாதாரணமாகச் சொல்கிறார், “ஆர்ச்சிக்கு முட்டை இப்படித்தான் வேணும், வெள்ளைக்கரு முறுகலா.”

நான் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2001 பிப்ரவரி 17

மூன்று மூட்டை அனுப்பினோம். க்ளாரிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீர்ப் பையோடு படுத்துக்கொண்டு, மூட்டையைச் சரியாகக் கட்டினார்களா என்று என்னை ஆறு முறை கேட்டுவிட்டார். அந்தப் பெரிய கப்பலையும் மறந்தாச்சு, ஆர்ச்சியையும் மறந்தாச்சு, கிழங்கு கிழங்குதான். இந்த மனுஷனோடு…

செப்டம்பர் 30

டானாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேட், ஃப்ரிமாண்டிலில் தச்சர். எங்களால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. க்ளாரி ஒரு கம்பளிப் போர்வை அனுப்பச் சொன்னார். அந்த ஊர் வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்டதற்கு, “வெயில் எப்பவும் அடிக்குமா?” என்கிறார்.

2002 ஜூலை 11, வியாழன்

கடும் குளிர். வாளித் தண்ணீரில் ஐஸ் மிதந்தது. பதினோரு மணிக்குத் தொலைபேசி. டானா. போன வாரம் குழந்தை பிறந்துவிட்டதாம், ஆண். சுகப்பிரசவம். இன்னும் கொஞ்ச மாதம் கரையில்தான் இருப்பாளாம், அப்புறம் திரும்பக் கப்பலுக்குப் போவதாகத் திட்டம். க்ளாரியிடம் பேச வேண்டும் என்றாள். காது சரியாகக் கேட்காததால் அவர் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். அதனால் நானும் கேட்டேன்.

“க்ளாரி, உங்ககிட்ட ஒரு அனுமதி கேக்கணும். பேர் வெக்கிற விஷயம்.”

“கேட்கவே வேண்டாம். ஆர்ச்சிக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். வெச்சுக்கோ.”

“ஆர்ச்சி இல்ல. ஆர்ச்சி ஏற்கெனவே இருக்கானே, மூவாயிரம் டன். ஒரு ஆர்ச்சிக்குச் சமைச்சுப் போட்டே இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இவனுக்கு க்ளாரன்ஸ்னு வெக்கப்போறோம். வீட்டுல க்ளாரி.”

க்ளாரி ஒலிபெருக்கியில் காதை வைத்துப் பார்த்தார், சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல.

“எதுக்கும்மா அந்தப் பேரு? பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. நான் என்ன பண்ணிட்டேன்? கிழங்கு போட்டேன். அவ்வளவுதான்.”

“வீட்டுக்கு வந்தீங்க,” என்றாள் டானா. பின்னால் குழந்தை சிணுங்கியது. “போருக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்தீங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க, முழங்கால் வீங்குச்சு, வீங்கலைன்னு பொய் சொன்னீங்க. ஐவி எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. வேட்கிட்ட நான் சொன்னேன், கப்பலுக்கு ஆர்ச்சி பேரு நல்ல பேரு. ஆனா என் பையனுக்கு வயசாகணும். கிழவனாகணும். ஒரு பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு ரொம்ப காலம் இருக்கணும். அதுக்கு ஏத்த பேரு வேணும்.”

எனக்கு அடுப்பில் வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

“எடை எவ்வளவு?” என்றார் கடைசியில். சொன்னாள். “நல்ல எடைதான்,” என்றார். “பால் குடிக்கிறானா? போர்வையைப் போத்திவிடு. அந்தக் கம்பளியை. வெயில் அடிச்சாலும் போத்திவிடு.”

தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறை நடுவில் நின்றார். “பாவம் அந்தப் புள்ளை” என்றார். “க்ளாரன்ஸாம்.” கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

பாத்திரம் கழுவும் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். வேலியோரம் நிற்கிறார். அந்தப் பக்கம், டிராக்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்து வயல்காரர் ஸ்டான். க்ளாரி என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை, ஆனால் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வருகிறது, நிறுத்தாமல் பேசுகிறார். இரண்டு கையையும் விரித்து, பிள்ளை இவ்வளவு நீளம் என்று காட்டுகிறார்.

அவ்வளவு நீளமெல்லாம் இருக்காது. போய்ச் சொல்லப்போவதில்லை. கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.